ஐந்து நிமிடம்

1

காலை ஒன்பது மணிக்கு ரிப்பேர் கடைக்கு ஒரு டிரைவ் வந்தது, மோட்டாரின் வேகத்தை மாற்றும் பெட்டி. 22 கிலோவாட், பழைய கணக்கில் முப்பது எச்.பி. கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையின் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டில் பெரிய ஃபேன் ஒன்றைச் சுழற்றிக்கொண்டிருந்த டிரைவ். கொண்டுவந்த எலெக்ட்ரீஷியனுக்கு இரவு ஷிஃப்ட். கண்ணில் தூக்கம், சட்டையில் பஞ்சு.

"என்னாச்சுங்க தம்பி?"

"ஓவர் கரண்ட்னு ட்ரிப் ஆச்சுங்கண்ணா. ரீசெட் பண்ணி மறுபடி போட்டனுங்க."

"எத்தனை தரம்?"

கொஞ்சம் தயங்கினார். "மூணு தரமுங்க."

நாலாவது தரம் டிஸ்பிளேயில் எழுத்து வரவில்லை. சத்தம்தான் வந்தது. மெயின் பிரேக்கரும் விழுந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபேன் நின்றால் ஆலைக்குள் ஈரப்பதம் இறங்கும், நூல் அறும், சூப்பர்வைசர் ஓடிவருவார். அந்த அவசரத்தில் ரீசெட் பட்டன்தான் கைக்கு எட்டும்.

2

மூடியின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர். மின்சாரத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்தே திறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பெரிய டிரைவ்களில் இது பத்தாகவும் பதினைந்தாகவும் இருக்கும்.

இது வேனில் முக்கால் மணி நேரம் வந்த டிரைவ். ஐந்து நிமிடம் எப்போதோ கழிந்துவிட்டது. ஆனாலும் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். டீ வருவதற்கும் அவ்வளவு நேரம் ஆகும். முப்பது வருஷமாகப் பழகிய பழக்கம். காரணம் கேட்டால் இரண்டு சொல்வேன். ஒன்று பாதுகாப்பு. மற்றொன்று, வந்தவுடன் மூடியைக் கழற்றுகிறவன் தான் எதிர்பார்த்ததையே உள்ளே பார்ப்பான்.

3

415 வோல்ட் மூன்று பேஸ் உள்ளே போகிறது. ரெக்டிஃபையரைத் தாண்டியதும் அது நேர்மின்சாரம். சுமை இல்லாதபோது டி.சி. பஸ்ஸில் 587 வோல்ட் வரை நிற்கும். இந்த டிரைவில் அதைத் தேக்கி வைக்க 3,300 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள், இரண்டு வரிசை தொடராக. ஒவ்வொன்றும் 400 வோல்ட்தான் தாங்கும் என்பதால் இரண்டைக் கோத்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டால் அதில் தேங்குவது ஏறக்குறைய 280 ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை 29 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையில் என்ன சக்தியோடு விழுமோ அந்தச் சக்தி, சுவிட்சை அணைத்த பிறகும் சத்தமில்லாமல் உள்ளே இருக்கிறது.

அதை இறக்குவதற்கு ஒவ்வொரு வரிசைக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். இரண்டு கெப்பாசிட்டரும் வோல்டேஜைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வைப்பதும் அதுதான், அணைத்த பின் மெல்ல வடிய விடுவதும் அதுதான். ஸ்டிக்கரில் அச்சடித்த ஐந்து நிமிடம், அந்த ரெசிஸ்டர் உயிரோடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் அச்சடித்தது. அது கருகிப் போயிருந்தால் ஐந்து நிமிடத்துக்கு அர்த்தம் இல்லை. சார்ஜ் விளக்கு அணைந்திருக்கிறதே என்றால், அந்த விளக்கே செத்திருக்கலாம்.

ஆகவே அளக்க வேண்டும். அளப்பதற்கு முன் மீட்டரை அளக்க வேண்டும். மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்பேன். பிறகு டிரைவின் பிளஸ், மைனஸில். பிறகு மறுபடியும் அந்தத் தெரிந்த இடத்தில். பூஜ்யம் என்ற எண்ணை இரண்டு பேர் காட்டுவார்கள்: வற்றிய கெப்பாசிட்டரும் காட்டும், வயர் அறுந்த மீட்டரும் காட்டும்.

இன்று 0.4 வோல்ட். திறக்கலாம்.

4

உள்ளே பஞ்சு. ஹீட் சிங்கின் இடுக்குகளில் கம்பளி மாதிரிப் படிந்திருக்கிறது. கூலிங் ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது, கொஞ்சம் முனகலோடு. ஒரு மூலையில் கரி. கருகிய எபாக்ஸி நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர் மறக்க மாட்டார்.

கரி இருக்கிற இடத்துக்கு மீட்டர் தானாகப் போகப் பார்க்கும். கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். கரி இல்லாத பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நல்லது எப்படி இருக்கும் என்று இந்த டிரைவே முதலில் சொல்லட்டும்.

5

மீட்டரை டயோடு அளவில் வைக்கிறேன். உள்ளே வரும் முனைகள் மூன்று: ஆர், எஸ், டி. ஒவ்வொன்றிலிருந்தும் பிளஸ் பஸ்ஸுக்கு ஒரு டயோடு, மைனஸ் பஸ்ஸிலிருந்து ஒரு டயோடு. மொத்தம் ஆறு. சிவப்பு புரோப் ஆர்-இல், கறுப்பு பிளஸ்ஸில்: 0.42. எஸ்: 0.42. டி: 0.43. புரோப்பை மாற்றிப் பிடித்தால் ஓ.எல்., பாதை இல்லை. இப்போது சிவப்பு மைனஸ் பஸ்ஸில், கறுப்பு ஒவ்வொரு முனையிலும்: 0.42, 0.43, 0.42. திருப்பினால் ஓ.எல்.

புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் கேட்பார்கள்: "எவ்வளவு இருந்தா நல்லதுங்கண்ணா?" புத்தகம் 0.3-லிருந்து 0.5 வரை என்று சொல்லும். நான் எண் சொல்வதில்லை. ஒரே மாதிரி இருக்கிறதா பார் என்பேன். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆறு பேர். ஒருவன் மட்டும் 0.36 என்று தனியாக நின்றால், புத்தகக் கணக்கில் அவன் தேறினாலும் எனக்கு அவன்மேல்தான் கண்.

ஆறு கேள்வி, திருப்பி ஆறு கேள்வி. நடுவில் எதையும் விடக் கூடாது. எட்டாவதில் கோளாறு தெரிந்துவிட்டது என்று மீதி நாலைக் கேட்காமல் விட்டவன், அடுத்த வாரம் அதே டிரைவைத் திரும்பப் பார்ப்பான்.

6

வெளியே போகும் முனைகள்: யு, வி, டபிள்யு. இங்கேயும் அதே பன்னிரண்டு கேள்விகள். மேலே என்றால் பிளஸ் பஸ், கீழே என்றால் மைனஸ் பஸ்.

யு: மேலே 0.37, கீழே 0.37. வி: 0.37, 0.38. டபிள்யு: மேலே 0.37. கீழே, இரு பக்கமும் 0.003.

கண்டுபிடித்தாயிற்று. டபிள்யு பேஸின் கீழ்ப்பக்கம் ஷார்ட். கரியும் அங்கேதான் இருக்கிறது. இந்த இடத்தில் மனசு எழுந்து வீட்டுக்குப் போய்விடும். அதைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும், ஏனென்றால் நல்லதாகக் காட்டிய மற்ற ஐந்தைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த ஐந்து எண்களை எனக்குச் சொன்னது, மின்சாரத்தை நறுக்கி மோட்டாருக்கு அனுப்பும் ஐஜிபிடி இல்லை. ஐஜிபிடிக்குக் குறுக்கே, அதே மாட்யூலுக்குள், எதிர்த்திசையில் போட்டிருக்கும் டயோடு. மோட்டாரின் சுருளில் தேங்கிய மின்சாரம் திரும்பி வரும்போது அதற்கு வழிவிட வைத்தது. மீட்டர் அந்த டயோடை மட்டுமே கேட்கிறது. ஐஜிபிடி இரு பக்கமும் வாயை மூடிக்கொண்டிருக்கும். கேட்டில் வோல்டேஜ் கொடுத்து எழுப்பாத வரை அதன் இயல்பே அதுதான். ஷார்ட் ஆனால் காட்டிக் கொடுக்கும். உள்ளே கம்பி அறுந்து செத்திருந்தால் காட்டாது. நல்ல ஐஜிபிடி தூங்குவதும் அறுந்த ஐஜிபிடி கிடப்பதும் இந்த மீட்டருக்கு ஒன்றுதான்.

வீட்டுக்காரரைப் பற்றி விசாரிக்கப் போய், பக்கத்து வீட்டுக்காரர் நலமாக இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு வந்த கதை.

7

ஆகவே வீட்டுக்காரரை எழுப்ப வேண்டும். மாட்யூலைக் கழற்றி மேசையில் வைத்து, ஒன்பது வோல்ட் பேட்டரியை கேட்டுக்கும் எமிட்டருக்கும் ஒரு கணம் தொட வைக்கிறேன். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே மீட்டர் ஓ.எல். காட்டிக்கொண்டிருந்தது, இப்போது எண் காட்டுகிறது. ஐஜிபிடி திறந்துவிட்டது.

பேட்டரியை எடுத்த பிறகும் திறந்தே இருக்கிறது. கேட் என்பது ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். கொடுத்ததை அது வைத்துக்கொள்ளும். கேட்டையும் எமிட்டரையும் ஒரு கம்பியால் சேர்த்ததும் மூடிக்கொள்கிறது. எழுப்பினால் விழிக்க வேண்டும், தூங்கு என்றால் தூங்க வேண்டும். விழித்து, பிறகு தூங்க மறுப்பது கெட்டது. தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக விழிப்பதும் கெட்டது.

அந்தக் கேட்டை விரலால் தொடக் கூடாது. கோடைக்காலத்தில் பாலியஸ்டர் சட்டை போட்ட உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதன் மெல்லிய ஆக்ஸைடைத் துளைக்கப் போதும். புது மாட்யூல்கள் கேட் முனைகளைக் கறுப்பு ஃபோமில் குத்தி வருவது அதனால்தான். ஃபோமைக் கடைசி நிமிடம் வரை எடுக்க மாட்டேன்.

8

இந்த ஐஜிபிடியை உருவாக்கியதில் முதன்மையானவர் பி. ஜெயந்த் பாலிகா. 1948-ல் சென்னையில் பிறந்து, 1969-ல் ஐஐடி மெட்ராஸில் பட்டம் வாங்கி, அமெரிக்கா போய், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். 1980-களின் தொடக்கத்தில் அங்கே ஐஜிபிடி உருவானபோது, அவர்கள் எதிரே இருந்த தேவைகளில் ஒன்று மோட்டாரின் வேகத்தை மாற்றும் இந்த டிரைவ்தான். மாஸ்ஃபெட்டைப் போல வோல்டேஜைக் காட்டினாலே திறக்க வேண்டும். பழைய பைபோலார் டிரான்சிஸ்டரைப் போல நிறையக் கரண்டைத் தாங்க வேண்டும். இரண்டையும் ஒரே சிலிக்கானில் கட்டினார்கள். 2024-ல் பின்லாந்தின் மில்லினியம் டெக்னாலஜி பரிசு அவருக்குக் கிடைத்தது.

பரிசைக் கொடுத்ததற்கான காரணத்தை இந்த ஆலையின் ஃபேனிலேயே பார்க்கலாம். ஃபேனின் வேகத்தை எண்பது சதவீதமாகக் குறைத்தால், அது எடுக்கும் சக்தி எண்பது சதவீதம் ஆவதில்லை; கனமடங்காகக் குறைந்து பாதிக்கு, 51 சதவீதத்துக்கு, வந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, காற்று வரும் வழியைத் தகட்டால் பாதி அடைப்பார்கள். அடைத்த தகட்டோடு மல்லுக்கட்டியே பாதிக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது.

9

கெப்பாசிட்டர்களைத் தனியாக எடுத்து அளந்தேன். 3,300 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று 2,400, இன்னொன்று 2,450. எண்பது சதவீதத்துக்குக் கீழே போனால் ஆயுள் முடிந்தது என்பது பொது வழக்கு. மேல்தட்டு உப்பவில்லை, கசியவில்லை. வெளியே ஒரு அடையாளமும் இல்லாமல் உள்ளே வற்றியிருக்கிறது.

பத்து டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ஹீட் சிங்கில் படிந்த பஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். மாதம் ஒருமுறை ஏர் பிடித்திருந்தால் பத்து டிகிரி குறைந்திருக்கும். ஆலையில் எல்லாரும் பஞ்சைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். தினம் பார்ப்பதால்தான் யாருக்கும் தெரியவில்லை.

அதே அளவு கெப்பாசிட்டர் கடையில் இல்லை. அடுத்த அளவு, 3,900 மைக்ரோஃபாரட், கிடைத்தது. பொருந்தியது. போட்டேன்.

10

மாட்யூல் செத்தால் தனியாகச் சாவதில்லை. கலெக்டரின் வோல்டேஜ் உடைந்த கேட் வழியாகப் பின்னால் ஏறி, அதை இயக்கும் சிறு சுற்றையும் அடித்துவிட்டுப் போகும். ஒரு ரெசிஸ்டர், ஒரு ஜீனர், ஒரு ஆப்டோகப்ளர். பத்து ரூபாய், ஐந்து ரூபாய், நூறு ரூபாய்ச் சாமான்கள். இவற்றைப் பார்க்காமல் பல ஆயிரம் ரூபாய் மாட்யூலை மாட்டுவதைவிட அதை வாசலில் வைத்து உடைத்துவிடலாம்.

இங்கேயும் ஆறு பிள்ளைகள். ஆறு கேட் சுற்றுகளையும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில் அளந்து நோட்டில் எழுதுகிறேன். ஐந்து ஒன்றாக நிற்கின்றன. டபிள்யு கீழ்ப்பக்கம் மட்டும் வேறு: ரெசிஸ்டர் ஓப்பன், ஜீனர் ஷார்ட். மாற்றினேன். பக்கத்தில் இருந்த சின்ன கெப்பாசிட்டர்களையும், ஆறு சுற்றுக்கும் சேர்த்தே மாற்றினேன். கெட்டது ஒன்றுதான், வயது எல்லாவற்றுக்கும் ஒன்று.

மாட்யூலை மாட்டாமல், கன்ட்ரோல் போர்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து கேட் முனைகளில் பார்த்தேன். நிற்கும்போது ஆறும் மைனஸில். ஓடு என்றால் ஆறும் பிளஸ் 15-க்கு ஏறி இறங்குகின்றன.

11

இப்போது ஒரு பழைய தப்பை எழுத வேண்டும்.

தொழிலுக்கு வந்து நாலைந்து வருஷம் ஆன சமயம். இதே போல் ஒரு டிரைவ், இதே போல் ஒரு மாட்யூல். அழகாக மாற்றி, சோதித்து, மதியம் அனுப்பினேன். சாயங்காலம் அதே வேன் திரும்பி வந்தது. மாட்டி, சுவிட்சைப் போட்டு, ஒரு நிமிடம்கூட ஓடவில்லையாம். புது மாட்யூல் பிளந்து கிடந்தது. அந்த மாதம் எனக்குச் சம்பளம் இல்லை.

டிரைவில் கோளாறு இல்லை. மோட்டாரின் சுருள் பூமியோடு தொட்டுக்கொண்டிருந்தது. நான் செத்ததைக் கண்டுபிடித்தேன். கொன்றது யார் என்று கேட்கவில்லை.

அதிலிருந்து மாட்யூலை மாட்டும் முன் ஆலைக்கு ஒரு போன் போடுவேன். இந்த முறையும் போட்டேன்.

"தம்பி, மோட்டாரை மெகர் வச்சுப் பார்த்தீங்களா?"

"மோட்டார் நல்லாத்தானுங்கண்ணா ஓடிட்டு இருந்துச்சு."

"ஒரு தரம் பார்த்துருங்க. டிரைவ் இங்க இருக்கறப்பவே பார்த்துக்கங்க. டிரைவோட சேர்த்து மெகர் போட்டா நம்ம மாட்யூல் போயிரும். மூணு வயரும் தனியா, பூமிக்கு, 500 வோல்ட்ல."

அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் தூக்கம் இல்லை. "அண்ணா, 0.2 மெகஓம்தானுங்க காட்டுது. டெர்மினல் பாக்ஸைத் தொறந்தேன். கேஸ்கெட்டே இல்லீங்க. உள்ள ஈரப் பஞ்சு."

ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டின் ஈரம், அதில் ஊறிய பஞ்சு, மூடாத பெட்டி. டிரைவ் மூன்று தரம் சொன்னது. ஓவர் கரண்ட் என்று அது எழுதிக் காட்டியதில் பொய் ஒன்றும் இல்லை.

பெட்டியைச் சுத்தம் செய்து, காயவைத்து, கேஸ்கெட் போட்டு, திரும்ப அளந்து சொல்லச் சொன்னேன். மறுநாள் மதியம் வரை டிரைவைக் கொடுக்கவில்லை. மெகர் காட்டும் இன்சுலேஷன் எண் நல்லபடி ஏறிய பிறகுதான் அடுத்த வேலை.

12

முதல் முறை முழு வோல்டேஜ் கொடுக்கும் நேரம். கெப்பாசிட்டருக்கும் மாட்யூலுக்கும் நடுவே இருக்கும் இணைப்பைக் கழற்றி, அந்த இடத்தில் 100 வாட் குண்டு பல்புகள் மூன்றைத் தொடராகக் கோத்து வைக்கிறேன். வரும் மின்சாரத்தின் பக்கம் பல்பைப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் ஒரு பேஸின் மேலும் கீழும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டால், மாட்யூலை உடைப்பது வெளியிலிருந்து வரும் மின்சாரம் இல்லை. கெப்பாசிட்டரில் தேங்கிய அந்த 280 ஜூல், இப்போது பெரிய கெப்பாசிட்டர் என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகம். காவல் அங்கேதான் நிற்க வேண்டும்.

கடைகளில் இப்போது குண்டு பல்பு கிடைப்பது அரிது. ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். வெளிச்சத்துக்காக அல்ல, எரியாமல் இருப்பதற்காக.

சுவிட்ச் போட்டேன். டிஸ்பிளே விழித்தது. பல்பு இருட்டு. ஓடு என்றேன். பல்பு இருட்டு. மோட்டார் இல்லாமல் 5 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றி 50 வரை. இருட்டு.

வெளியே வரும் மூன்று ஜோடி வோல்டேஜையும் அளந்தேன். வினாடிக்குச் சில ஆயிரம் தடவை நறுக்கிய மின்சாரம் என்பதால் சாதாரண டிஜிட்டல் மீட்டர் அங்கே சரியான எண்ணைக் காட்டாது. அது தப்பான எண்ணாகவே இருக்கட்டும்; மூன்றும் ஒரே தப்பைச் சொல்ல வேண்டும். சொல்லின.

பல்பை எடுத்து, இணைப்பைப் போட்டு, கடையில் இருக்கும் மூன்று எச்.பி. மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டினேன். கிளாம்ப் மீட்டரில் மூன்று வயரிலும் ஒரே கரண்ட். ஹீட் சிங்க் கைபொறுக்கும் சூடு.

13

நிறுத்தினேன். மெயினை அணைத்தேன்.

டிரைவின் பிளஸ்ஸிலும் மைனஸிலும் மீட்டரை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். எண் முதலில் கிடுகிடுவென்று இறங்கியது. கன்ட்ரோல் போர்டு குடிக்கிற வரைக்கும். டிஸ்பிளே அணைந்த பிறகு நடை தளர்ந்துவிட்டது. இனி அந்த இரண்டு ரெசிஸ்டர்கள் மட்டும்தான். அவற்றை நேற்றே அளந்திருந்தேன், இரண்டும் சரி. 180. 150. 120. சார்ஜ் விளக்கு மங்கி அணைந்தபோதும் எண் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. எதிரே இருந்த டீ ஆறிப்போனது.

50 வோல்ட்டுக்குக் கீழே வர ஐந்து நிமிடம் நாற்பது வினாடி. கெப்பாசிட்டரைப் பெரிதாகப் போட்டவன் நான்தான். வடிவதற்கு நேரம் கூடத்தான் செய்யும்.

மஞ்சள் ஸ்டிக்கரில் ஐந்தை அடித்து, பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பத்து என்று எழுதி அனுப்பினேன்.